தளப்பெயர்ப்பு: கணினி விளையாட்டுகளில் ‘போர்ட்டிங்’

ஓர் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட மென்பொருளை, அதன் செயல்பாடு மாறாமல், வேறோர் இயங்குதளத்தில் இயங்கும்படி திருத்தியமைக்கும் பணியை நிரலர்கள் போர்ட்டிங் என்கிறார்கள். அவ்வாறு அமைந்த பதிப்பையும் ‘போர்ட்’ என்றே வழங்குகிறார்கள். தமிழில் பணிக்கும் பதிப்புக்கும் சேர்த்து ‘தளப்பெயர்ப்பு’ என்றும், வினையாக வரும்போது ‘பெயர்த்தல்’ என்றும் சொல்லலாம். இந்தப் பணியின் கடினம் முழுமையாக வெளிப்படும் இடம், படைகளையோ நாட்டையோ திட்டமிட்டு நடத்தும் வியூக (ஸ்ட்ரேட்டஜி) விளையாட்டுகள் என்பதால், சொல்லின் பொருளை அவற்றைக் கொண்டே விளக்குகிறேன்.

ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்ற ஒரே ஒலியில் பல சொற்கள் உள்ளன. இலத்தீனில் ‘போர்ட்டுஸ்’ என்பது துறைமுகம், ‘போர்ட்டா’ என்பது வாயில், ‘போர்ட்டாரே’ என்பது சுமந்து செல்லுதல். நாம் பேசும் சொல் மூன்றாவதன் வழியில், ‘போர்ட்டபிள்’ என்னும் பெயரடையிலிருந்து வந்தது. பிணைய இணைப்பைக் குறிக்கும் போர்ட்டுக்குத் தமிழில் ‘துறை’ என்ற சொல் நிலைபெற்றிருக்கிறது. அதை இங்கும் கொண்டுவந்து ‘துறைமாற்றம்’ என்றால், தொடர்பற்ற இரண்டு பொருள்கள் ஒன்றாகக் குழம்பிவிடும். ‘போர்ட்டபிள்’ என்பதற்கு வழங்கும் ‘கையடக்க’ என்பதும் கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கு மட்டுமே ஏற்றது.

சொல் பரவியதற்கு யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் ஒரு முக்கியக் காரணம். 1973 வாக்கில் அதன் மையப் பகுதியான கருநிரலை (கெர்னல்) சி என்னும் நிரல்மொழியில் திருப்பி எழுதியதால், வன்பொருளைச் சார்ந்த பகுதி சுருங்கியது. எஞ்சியதை வேறு கணினிகளுக்குக் கொண்டுசெல்ல வழி பிறந்தது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தில் அது இன்டர்டேட்டா 7/32 கணினிக்குப் பெயர்க்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதை இன்டர்டேட்டா 8/32க்குக் கொண்டுசென்றார்கள்.

தமிழில் ‘பெயர்’ என்னும் வினை மிகப் பழையது. குறுந்தொகையின் 11ஆம் பாடலில் வேற்று மொழி வழங்கும் நாடு ‘மொழிபெயர் தேஎம்’ எனப்படுகிறது. தொல்காப்பியத்தின் மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் வகைகளுள் ஒன்றாக ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்பதைக் கூறுகிறது. அதர் என்றால் வழி. பெயர்த்த பொருளை, சென்று சேரும் மொழியின் நெறிக்குப் பொருந்துமாறு கட்டுவது என்னும் அந்தத் தொடரின் கருத்து, மென்பொருளைப் பெயர்ப்பதற்கும் அப்படியே பொருந்துகிறது. மொழிபெயர்ப்பில் மொழி மாறிப் பொருள் நிலைப்பதுபோல, தளப்பெயர்ப்பில் தளம் மாறி விளையாட்டு நிலைக்கிறது. ‘தளமாற்றம்’ என்னும் சொல் பயனர் ஒருவர் விண்டோசை விட்டு லினக்ஸுக்கு வருவதையும் குறிக்கக்கூடும் என்பதால், ‘தளப்பெயர்ப்பு’ என்பதையே நான் தேர்கிறேன்.

பெயர்க்க வேண்டியவற்றில் முதலில் கண்ணில் படுவன படம், ஒலி, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைக் கையாளும் பகுதிகள். விண்டோசின் டைரக்ட்எக்ஸை நம்பி எழுதிய வரைகலை, லினக்ஸில் ஓப்பன்ஜிஎல் அல்லது வல்கனுக்கும், மேக்கில் மெட்டலுக்கும் மாற வேண்டும். லோக்கி என்னும் நிறுவனம் 1999இல் ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ விளையாட்டை லினக்ஸுக்குப் பெயர்த்து வெளியிட்டது. அங்கே பணியாற்றிய சாம் லான்டிங்கா 1998இல் வெளியிட்ட எஸ்டிஎல் நிரலகம் (பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு), தளத்துக்குத் தளம் வேறுபடும் இந்தப் பகுதிகளைப் பொதுவான ஓர் இடைமுகத்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறது. லோக்கி 2002இல் மூடப்பட்டது. எஸ்டிஎல் இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளில் இயங்குகிறது. கோப்புப் பெயர்களிலும் கவனம் வேண்டும்: பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும்.

இவையெல்லாம் எந்த விளையாட்டுக்கும் பொது. வியூக விளையாட்டுக்கே உரிய சிக்கல் விதிகளைக் கணிக்கும் பகுதியில் இருக்கிறது. 1997இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ போன்ற நிகழ்நேர விளையாட்டுகளில், நூற்றுக்கணக்கான படைவீரர்களின் நிலையை அன்றைய மோடம் வழியே இடைவிடாமல் அனுப்ப இயலாது. ஆகவே ஆட்டக்காரர்களின் கட்டளைகள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு கணினியும் ஆட்டம் முழுவதையும் தானே கணித்துக்கொள்கிறது. எல்லாக் கணினிகளும் ஒரே விடையை அடைந்தால்தான் எல்லோர் முன்னும் ஒரே போர்க்களம் இருக்கும்.

இங்கேதான் சிறிய வேறுபாடும் பெரிதாகிறது. ஒரு வில்லாளிக்குச் சம தொலைவில் இரண்டு எதிரிகள் நிற்பதாகக் கொள்வோம். தொலைவைக் கொண்டு வரிசைப்படுத்தும்போது சமமானவற்றுள் எது முன்வரும் என்பதை சி++ மொழியின் வழக்கமான வரிசையாக்கம் உறுதிசெய்வதில்லை. ஒரு தளத்தின் நிரலகம் ஒருவனை முன்வைக்கும், மற்றொன்று மற்றவனை முன்வைக்கும். நிரலின் ஒரே செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) இரண்டு தற்போக்கு (ரேண்டம்) எண்களை நேரடியாக எழுதிக் கொடுத்தால், அவற்றுள் எதை முதலில் கணிப்பது என்பதும், நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பியின் (கம்பைலர்) விருப்பம். தசமப்புள்ளி எண்களில் கடைசி இலக்கம் மாறினாலும் போதும். ஒரு கணினியில் இறந்த வீரன் மற்றொன்றில் உயிரோடு நிற்பான். சில நிமிடங்களில் இருவரும் வெவ்வேறு போர்களை நடத்திக்கொண்டிருப்பார்கள். இந்தப் பிளவை விளையாட்டாளர்கள் ‘டீசிங்க்’ என்பார்கள்; ‘ஒத்திசைவு முறிவு’ எனலாம். இதைத் தவிர்க்கவே ‘சீரோ ஏ.டி.’ போன்ற திறமூல விளையாட்டு, வீரர்களின் இருப்பிடம் முதலியவற்றை நிலைப்புள்ளி எண்களில், அதாவது புள்ளியின் இடம் மாறாமல் முழு எண்களைப் போலவே கையாளப்படும் எண்களில், கணிக்கிறது. இந்த ஒற்றுமையைக் காக்கும் உழைப்பு விளையாட்டின் எந்தத் திரைப்பிடிப்பிலும் (ஸ்கிரீன்ஷாட்) தெரிவதில்லை. என் பார்வையில் தளப்பெயர்ப்பின் உயர்ந்த பகுதி அதுவே.

சொல்லின் எல்லையையும் குறித்தாக வேண்டும். 1999இல் வெளிவந்த ‘வார்சோன் 2100’ விளையாட்டின் மூலநிரல் 2004இல், யாரும் திருத்திப் பகிர இடம்தரும் ஜிபிஎல் உரிமத்தில் திறக்கப்பட்டது. தன்னார்வலர்கள் அதை லினக்ஸுக்கும் பிற தளங்களுக்கும் கொண்டுசென்றது தளப்பெயர்ப்பு. 1995இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ‘ஃப்ரீசிவ்’, சிவிலைசேஷனின் நிரலைத் தொடாமல் புதிதாக எழுதப்பட்டது; அது மறுஆக்கம். வைன் என்னும் மென்பொருள், அதன் அடிப்படையில் 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் ஆகியவற்றின் வழியே விண்டோஸ் விளையாட்டு லினக்ஸில் ஓடும்போது, அந்த விளையாட்டின் நிரல் திருத்தப்படுவதில்லை. இடையில் ஓர் அடுக்கு நின்று விண்டோஸ் அழைப்புகளை லினக்ஸ் அழைப்புகளாக்குகிறது. அத்தகைய விளையாட்டை ‘லினக்ஸில் இயங்குகிறது’ என்று சொல்லலாமே தவிர, ‘லினக்ஸுக்குப் பெயர்க்கப்பட்டது’ என்று எழுதுதல் பிழை.