ஸ்கவுட்: சாரணரா, ஒற்றரா, நோட்டக்காரரா?

அமெரிக்கப் பேஸ்பால் செய்திகளைப் படிப்பவர்களுக்கு, ஜூலை நெருங்க நெருங்க ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும்: ஸ்கவுட். பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்து, இவன் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவானா என்று தன் அணிக்கு எழுதிக் கொடுப்பவர் அவர். அகராதியைப் புரட்டினால் சாரணர், ஒற்றர், வேவுகாரர் என்று வரும். இந்த வேலைக்கு மூன்றுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் ‘கேட்பது’ என்று பொருள். அதற்கும் மூலம் லத்தீனின் ‘ஆஸ்குல்தாரே’, அதாவது காது கொடுத்துக் கேட்டல். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சொலி கேட்பதைக் குறிக்கும் ஆங்கில மருத்துவச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். எதிரிப் படையைப் பற்றித் துப்பு அறிந்து வருபவன் என்ற பொருளில் வழங்கி, பின்னால் விளையாட்டுக்குள் நுழைந்தது. இன்று அது பெரும்பாலும் கண்ணால் செய்யும் வேலை. ஆனாலும் காதை முழுக்க விட்டுவிடவில்லை. மட்டையில் பந்து படும் ஓசையைக் கேட்டே ஒரு பையனின் அடியில் உள்ள வலுவை மதிப்பிடுவது ஸ்கவுட்டுகளின் பழைய வழக்கம்.

சரி, அவர் என்னதான் பார்க்கிறார்? மட்டையாளர் நின்று அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் கம்பிவலையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். கையில் ஸ்டாப்வாட்ச், பக்கத்தில் பந்தின் வேகம் காட்டும் ரேடார் கருவி. பந்து மட்டையில் பட்ட நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, அடித்தவுடன் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸைப் பையனின் கால் தொட்டதும் நிறுத்துவார். தூரம் 90 அடி. வலக்கை ஆட்டக்காரர் 4.3 நொடியில் தொட்டால் அது அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் சராசரி. இடக்கைக்காரர் பேஸுக்குச் சற்று அருகில் நிற்பதால் அவருக்கு 4.2. அடிக்கும் திறமை, அடியின் வலு, ஓட்டம், எறியும் கை, பந்துதடுப்பு ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. அளவுகோல் 20-இல் தொடங்கி 80-இல் முடியும். 50 என்றால் மேஜர் லீக்கில் சராசரி. ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண்கள் எழுத வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்: இன்று எவ்வளவு, முழுதாக வளர்ந்தபின் எவ்வளவு. பதினேழு வயதுப் பையனுக்கு இன்று 30, நாளை 55 என்று எழுதும்போது, அந்த இடைவெளிக்கு அவர் பொறுப்பேற்கிறார். பையனின் தோள் அகலம், தோற்றால் அவன் நடந்துகொள்ளும் விதம், அப்பா அம்மாவின் உடல்வாகு எல்லாம் அந்த இரண்டாவது எண்ணுக்குள் போகும்.

இந்த எண்கள் எதற்கு உதவுகின்றன என்று புரிய, அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்க ஜூலையில் நடக்கும் டிராஃப்டைப் பற்றித் தெரிய வேண்டும். நமக்குப் பழக்கம் ஐபிஎல் ஏலம். டிராஃப்டில் ஏலம் கிடையாது. அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். ‘வரிசைத் தேர்வு’ என்றால் பொருள் சரியாக வந்துவிடும். 1965-க்கு முன் இது இல்லை. யார் அதிகம் தருகிறார்களோ அவர்களோடு பையன் போய்விடலாம். அப்போது ஸ்கவுட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: பையனின் வீட்டுக்குப் போய், பெற்றோரிடம் பேசி, அவர்களின் நம்பிக்கையைப் பெற வேண்டும். 1964-இல் ரிக் ரைக்கார்ட் என்ற கல்லூரி மாணவரை ஏஞ்சல்ஸ் அணி 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. இப்படியே போனால் கட்டுபடியாகாது என்று அணி உரிமையாளர்கள் மறு ஆண்டே டிராஃப்டைக் கொண்டுவந்தார்கள். முதல் தேர்வு ரிக் மண்டே, கன்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸுக்கு. அன்றிலிருந்து ஸ்கவுட் எவ்வளவு உழைத்துத் தேடினாலும், தன் அணியின் முறை வருவதற்குள் இன்னொரு அணி அந்தப் பையனைத் தட்டிக்கொண்டு போய்விடலாம்.

தேர்வு செய்வதும் அவர் இல்லை. ஒரு வட்டாரத்துக்குப் பொறுப்பான ஸ்கவுட் எழுதியதைச் சரிபார்க்க, கிராஸ்செக்கர் என்று இன்னொருவர் வந்து அதே பையனைத் தன் கண்ணால் பார்ப்பார். அவருக்கும் மேலே தேசிய அளவில் ஒருவர், அப்புறம் இயக்குநர். வள்ளுவர் ஒற்றாடலில் சொன்ன ஏற்பாடு இது:

ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர்
ஒற்றினால் ஒற்றிக் கொளல்.

இவ்வளவு அழகாகப் பொருந்துவதால் ‘ஒற்றர்’ என்றே வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒற்றருக்கு இலக்கணமே தன்னை மறைத்துக்கொள்வது. ஸ்கவுட் எல்லாரும் பார்க்க உட்காருகிறார். அவர் வந்திருப்பது பையனுக்கும் தெரியும். வேவு என்ற சொல்லிலும் இதே சிக்கல். சாரணர் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் பள்ளிக்கூடச் சாரணர் இயக்கம்தான் நினைவுக்கு வரும். ‘தேர்வாளர்’ கிரிக்கெட்டில் அணியைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஏற்கெனவே போய்விட்டது; இங்கே தேர்ந்தெடுப்பவர் வேறு, பார்த்துச் சொல்பவர் வேறு.

நான் முன்வைப்பது ‘நோட்டக்காரர்’. இது புதிதாகச் செய்த சொல் இல்லை. நாணயத்தைச் சோதித்து அதன் தரத்தையும் மதிப்பையும் சொன்னவருக்கு வழங்கிய பெயர். நோட்டம் என்றால் அந்தச் சோதனை. பார்த்தல், தரம் பிரித்தல், விலை மதித்தல் மூன்றும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. ஸ்கவுட்டின் அறிக்கையும் திறமைக்கு எண், பையனுக்கு இத்தனை டாலர் தரலாம் என்ற கணிப்பு என்றுதான் போகிறது. ‘நோட்டம் விடுவது’ என்ற பேச்சுவழக்கில் திருடன் வீடு பார்க்கும் வாடை கொஞ்சம் அடிப்பது உண்மைதான். ‘திறன் நோட்டம்’, ‘திறன் நோட்டக்காரர்’ என்று எழுதினால் அது போய்விடும்.

தேடப்படும் பையனுக்கான ஆங்கிலச் சொல் பிராஸ்பெக்ட். முன்னோக்கிப் பார்த்தல் என்ற லத்தீன் வேர் அதற்கு. ‘வளரும் ஆட்டக்காரர்’ போதும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள்; இந்தத் தொழிலில் பல நேரம் தெரிவதில்லை. 1988-இல் மைக் பியாசாவை டாட்ஜர்ஸ் அணி எடுத்தது 62-ஆவது சுற்றில், அதுவும் அணியின் அப்போதைய மேலாளர் டாமி லசோர்டா குடும்ப நண்பர் என்பதால். 2016-இல் பியாசா பேஸ்பால் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.

மைக் ட்ரவுட் கதை வேறு மாதிரி. நியூ ஜெர்சியில் குளிர் நீண்டு, பள்ளிப் பருவம் குறுகி, ஸ்கவுட்டுகளுக்கு அவரைப் பார்க்கக் கிடைத்த ஆட்டங்கள் குறைவு. ஏஞ்சல்ஸின் வட்டார ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட், ட்ரவுட்டின் தந்தையோடு, மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் ஆடியவர். மகனைப் பார்த்து அவர் உயர்வாக எழுதினார், அணியும் நம்பியது. 2009-இல் பல அணிகள் விட்டுவிட்ட ட்ரவுட்டை ஏஞ்சல்ஸ் 25-ஆவது தேர்வாக எடுத்தது. பின்னாளில் மூன்று முறை, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை அவர் வென்றார்.