அரிசிப் பவளத்தின் தண்டு ஏன் அழுகுவதில்லை?

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பச்சைத் தோலின் குணம் தெரியும். உப்புத் தடவாமல் போட்டுவைத்தால் வேலூர் வெயிலுக்குச் சீக்கிரமே முடி கழன்று நாறும். அதையே ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தோலின் உடல் கொல்லாஜன் என்ற புரத நார். பட்டையிலுள்ள டானின் அந்த நார்களுக்கிடையே புகுந்து ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. அதன்பின் கிருமிகளால் அதை எளிதில் தின்ன முடியாது.

வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த ஆழத்தில் ஒரு பவளமும் இந்த வேலையைச் செய்கிறது. பட்டைச் சாற்றை வெளியிலிருந்து யாரும் ஊற்றுவதில்லை. பதனிடும் சரக்கும் அதன் உடம்பிலேயே ஊறுகிறது. பிரிம்னோவா ரெசிடிஃபார்மிஸ் என்பது அதன் பெயர். நார்வேயின் டிரோன்ஹைம் நகர ஆயர் குன்னேரஸ் 1763-இல் அதை விவரித்தார். அந்நாட்டு மொழியில் அதை ‘அரிசிப் பவளம்’ என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்: கிளை முழுக்க அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு இளஞ்சிவப்பு மணிகள் நெருக்கமாக ஒட்டி, தலைகீழாகத் தொங்கும். ஒவ்வொரு மணியும் ஒரு பாலிப், அதாவது பவளத்தின் தனி உயிர். வெளியே சுண்ணாம்புச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும். வாயைச் சுற்றி இறகு போன்ற எட்டுக் கைகள்.

வெயில் எட்டாத நீர் என்பதால், பவளப்பாறைகளில் இருப்பதுபோல் சோறு போட உடம்புக்குள் பாசி கிடையாது. மேலிருந்து விழும் துணுக்குகளும் நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களுமே உணவு. ஆகவே நீரோட்டம் வேகமாக ஓடும் இடத்தில், பெரிய பாறையைப் பற்றிக்கொண்டு வளரும். ஆழம் பெரும்பாலும் 100 முதல் 500 மீட்டர். நீரின் வெப்பம் ஒற்றை இலக்க டிகிரி.

அந்த ஓட்டத்தில் ஒடியாமல் வளைந்து நிற்கத் தண்டு வேண்டும். தண்டின் ஒரு பங்கு கால்சைட், அதாவது சுண்ணாம்பு. இன்னொரு பங்கு கோர்கோனின்: கொல்லாஜன் நார்களைக் குயினோன் என்ற பதனிடும் சரக்கின் பிணைப்புகளால் இறுக்கிய புரதம். இதைக் ‘கொம்புப் பொருள்’ என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாட்டுக்கொம்பு கெரட்டின், வேறு புரதம். பதனிட்ட தோல் என்பதே இதற்கு நெருக்கம்.

தண்டு ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பருக்கிறது. தண்டை அறுத்தால் மரத்தில்போல் வளையங்கள் தெரியும்: கோர்கோனின் மிகுந்த கரிய கோடும் கால்சைட் மிகுந்த வெளிர் கோடும் சேர்ந்த ஒரு வளையம் ஓராண்டு. சில நூறு ஆண்டு வாழ்ந்த பவளங்கள் கிடைத்துள்ளன. முந்நூறு வயதான ஒன்று, 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோதே எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

எண்ணுவது இப்படி: அடித்தண்டிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் வில்லை அறுத்து, மெருகேற்றி, இரண்டு மூன்று பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவார்கள். கிளைக்கு மேலே வெட்டினால் ஆரம்ப ஆண்டுகள் கைவிட்டுப் போகும். விளிம்பு தேய்ந்திருந்தால் கடைசி ஆண்டுகள் போகும். முதிர்ந்த தண்டின் வெளி வளையங்கள் மிக நெருங்கியிருப்பதால் இரண்டை ஒன்றாக எண்ணிவிடுவதும் உண்டு.

எண்ணியது சரிதானா என்று பார்க்க அணுகுண்டுச் சோதனைகள் உதவுகின்றன. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த வெடிப்புகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது. அது கடலின் மேல்நீரில் கரைந்து, மிதவை உயிர்களுக்குள் புகுந்து, அவை கீழே விழ, பவளத்தின் கோர்கோனினில் பதிந்தது. வளைய எண்ணிக்கை சரியென்றால் 1950-களின் இறுதிக்குரிய வளையத்தில் அந்த ஏற்றம் தொடங்க வேண்டும். பிரிம்னோவாவில் அப்படியே தொடங்குகிறது.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கால்சைட்டின் கார்பன் உணவிலிருந்து வருவதல்ல, சுற்றியுள்ள ஆழ்நீரில் கரைந்திருப்பது. ஆழ்நீர் பல காலம் காற்றைப் பார்க்காதது. அதில் கார்பன்-14 குறைவு. துளி சுண்ணாம்பு கலந்தாலும் வளையம் தனக்கு இல்லாத வயதைக் காட்டும். அதனால் வில்லையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை அடங்கும்வரை, தேவைப்பட்டால் வாரக்கணக்கில் ஊறவிடுவார்கள். சுண்ணாம்பு கரைந்தபின் கோர்கோனின் மட்டும் வெங்காயத் தோலாய் அடுக்கடுக்காக மிஞ்சும். நுண்ணோக்கியின் கீழ் இடுக்கியால் ஒவ்வோர் அடுக்கையும் உரித்துக் கழுவி உலர்த்துகிறார்கள். பதனிட்ட புரதம் இந்த அமிலக் குளியலையும் தாங்கிவிடுகிறது.

இத்தனை உறுதியும் இழுவலைக்கு முன் செல்லாது. வலையின் கனமான அடிக்கயிறு பாறையைப் புரட்டும்போது பவளமும் வேரோடு போகிறது. கனடா 2002-இல் நோவா ஸ்கோஷியாவுக்குத் தெற்கே 424 சதுர கிலோமீட்டர் கடலடியை, பெரும்பகுதியில் அடித்தள மீன்பிடிப்பே கூடாதென்று பாதுகாப்பில் வைத்தது இந்தப் பவளக் காடுகளுக்காகத்தான்.