பப்பாசி இலையும் ஏழாம் நாளும்

மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்குக் காய்ச்சல் தலையெடுக்கும் போதெல்லாம், வளவுகளில் நிற்கும் பப்பாசி மரங்கள் இலையிழக்கத் தொடங்குகின்றன. காய்ச்சலின் நான்காம், ஐந்தாம் நாளில் குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை இறங்கும்போது இலைச் சாறு பருக்கப்படுகிறது. ஏழாம், எட்டாம் நாளில் எண்ணிக்கை ஏறுகிறது. பெருமை சாற்றுக்குப் போய்விடுகிறது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைப் பனங்காட்டு ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாற்றுக்கும் ஒரு சிறு பங்கு இருக்கலாம். ஆனால் அதனைக் குடிக்காதவர்களுக்கும் அதே நாள்களில் எண்ணிக்கை ஏறுவதால், குடித்தவர்களை மட்டும் பார்த்து அப்பங்கை அளந்துவிட முடியாது.

டெங்கு, மருத்துவர்கள் தானாகவே அடங்கும் நோய் என்று வகைப்படுத்தும் நோய்களுள் ஒன்று. தடிமனும் கொப்பளிப்பானும் கூகைக்கட்டும் இவ்வகையினவே. தானாக என்ற சொல் சற்று ஏமாற்றுகிறது, ஏனெனில் உடலுக்குள் அந்நாள்களில் ஓய்வென்பதே இல்லை. வைரசு புகுந்த கலங்கள் சில மணித்தியாலங்களிலேயே இன்ரபெரோன் என்னும் புரதத்தைச் சுரந்து அயற்கலங்களை எச்சரிக்கின்றன. ஆயினும் குறித்த அந்த வைரசை இனங்காணக்கூடிய நிணநீர்க்குழியங்கள் (நோயெதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள்) தொடக்கத்தில் மிகச் சிலவே என்பதால், அவை பிரிந்து பிரிந்து போதிய தொகையாகப் பெருகுவதற்கும், வைரசைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான பிறபொருளெதிரிகள் குருதியில் சேர்வதற்கும் ஏறத்தாழ ஒரு கிழமை செல்கிறது. இவ்வகை நோய்கள் பலவற்றின் கால அளவு ஒரு கிழமையை ஒட்டி அமைவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வைரசை அழிப்பது பாதி வேலைதான். பெருகிய படை கலையாவிட்டால் அது உடலின் சொந்த இழையங்களையே தாக்கும். ஆகவே அக்குழியங்களின் மேற்பரப்பிலேயே தடுப்புக் கட்டைகள் போன்ற புரதங்கள் தோன்றுகின்றன. இவற்றை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்ஜோ ஆகியோருக்கு 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. வேலை முடிந்ததும் தாக்கும் குழியங்களில் ஏறத்தாழ 90 வீதமானவை திட்டமிட்ட முறையில் இறந்துபோக, எஞ்சியவை நினைவுக்கலங்களாக நிலைக்கின்றன. டெங்கில் இந்த நினைவே ஒரு சிக்கலாகிறது: நான்கு வகை டெங்கு வைரசுகளுள் ஒன்றுக்கு எதிராக உருவான பிறபொருளெதிரிகள், பின்னொரு முறை வேறொரு வகை தொற்றும்போது, அது கலங்களுக்குள் நுழைய உதவக்கூடும்.

டெங்கில் கவனமாகப் பார்க்க வேண்டிய பொழுது, காய்ச்சல் விட்டுவிட்டதென்று வீட்டார் ஆறுதலடையும் பொழுதேயாகும். வைரசு குறைந்துவரும் அவ்வேளையில், நிர்ப்பீடன எதிர்வினையின், அதாவது உடலின் நோயெதிர்ப்பின், வேகத்தாலும் வைரசின் புரதமொன்றினாலும் குருதி மயிர்க்குழாய்களின் சுவர்கள் கசியத் தொடங்கி, குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்கலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டியதுதான். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதுமானது. அஸ்பிரினும் இபுபுரோபனும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை.

மயிர்க்குழாய்களின் நீர்க்கசிவும் தானாகவே அடங்குவது. பொதுவாக 24 முதல் 48 மணித்தியாலங்களில் நின்றுவிடும். வைரசைக் கொல்லும் மருந்து டெங்குக்கு நடைமுறையில் இல்லை. சுவர் அடைபடும் வரை குருதியோட்டம் தளராமல் பிடித்து வைப்பதே வைத்தியம்.

ஆனால் இதே மழையில், வயல் வெள்ளத்தில் கால் வைத்தவருக்கு வரும் எலிக்காய்ச்சலும் முதல் நாள்களில் டெங்கு போலவே தோன்றும். அது பற்றீரியாவால் வருவது; நுண்ணுயிர்கொல்லியைக் காலந்தாழ்த்தாமல் தொடங்க வேண்டும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களையும் பறித்தது. எனவே தானாக மாறிவிடும் என்ற தீர்ப்பைக் காய்ச்சல் எதுவென்று தெரிந்த பின்னரே வழங்கலாம்.

கசிவு நின்றதும், வெளியேறிய நீர் அடுத்த இரண்டு மூன்று நாள்களில் குருதிக்குத் திரும்புகிறது. சிறுநீர் தாராளமாகப் போகும், பசி எடுக்கும், சிவந்த தோலில் வெண்திட்டுகள் தோன்றி அரிக்கும். அப்போதும் சேலைன் ஏற்றிக்கொண்டேயிருந்தால் மிகைநீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும் என்பதனால், மருத்துவர் அதனை நிறுத்திவிடுகிறார்.