போர்டைத் தூக்கிப் போடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்

போன வாரம் தங்கச்சிமடத்திலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். பையில் மூன்று ஈஎஸ்பி32 போர்டுகள் (நாம் எழுதும் புரோகிராமை ஏற்றி ஓட்டும் சின்னக் கன்ட்ரோலர் போர்டு). "மூணும் செத்துப்போச்சுண்ணே, புரோகிராம் ஏறவே மாட்டேங்குது" என்றார். அப்பாவின் விசைப்படகில் அடியில் தண்ணீர் சேர்ந்தால் சத்தம் எழுப்பும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். மூன்றாவது போர்டை வாங்கியது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும்போது ஒரு வீட்டில் காசு எப்படிப் புழங்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

என் மேசையில் கிடந்த கேபிளைச் செருகினேன். மூன்று போர்டும் நன்றாகவே இருந்தன. அவர் பயன்படுத்தியது முடிவெட்டும் டிரிம்மரோடு வந்த சார்ஜிங் கேபிள்.

இந்த மாதத்தில் மட்டும் இப்படி எத்தனை பேர்! எல்லோரும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள்: "லைட் எரியுதேண்ணே, அப்போ கேபிள் நல்லாத்தானே இருக்கு?" இல்லை தம்பி. லைட் எரிந்தால் மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. டிரிம்மர், டார்ச், ஹெட்போன் ஆகியவற்றோடு வரும் பல கேபிள்களில் செலவைக் குறைக்கப் பச்சையையும் வெள்ளையையும் போடுவதே இல்லை. அதைச் செருகினால் போர்டில் லைட் நாள் முழுக்க எரியும். ஆனால் அங்கே ஒரு போர்டு இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீங்கள் டிரைவரை (போர்டோடு பேசக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருள்) நாலு தடவை அழித்து ஏற்றினாலும், விண்டோஸையே புதிதாகப் போட்டாலும் தெரியாது. இல்லாத கம்பியில் தகவல் போகாது.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். அதே கேபிளில் உங்கள் போனை லேப்டாப்போடு இணையுங்கள். போட்டோக்களைத் திறக்க முடிந்தால் அது தகவல் கேபிள். போனுக்குப் பொருந்தாத பழைய முனை என்றால் விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துப் போர்டைச் செருகி எடுங்கள். ஒரு வரி தோன்றி மறைகிறதா என்று பாருங்கள். தோன்றியும் காம் எண் (போர்டுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் போர்ட் எண்) வரவில்லை என்றால்தான் டிரைவர் பக்கம் போக வேண்டும். போர்டில் யூஎஸ்பி முனைக்குப் பக்கத்தில் இருக்கும் சிப்பில் சிஎச்340 அல்லது சிபி2102 என்பதுபோல எழுதியிருக்கும், அந்தச் சிப்புக்கான டிரைவரை ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சில மலிவு போர்டுகளுக்கு லைட்கூட எரியாது. போர்டில் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை விட்டுவிட்டிருப்பார்கள். ஒரு பக்கம் சாதாரண யூஎஸ்பி-ஏ, மறுபக்கம் டைப்-சி உள்ள கேபிளைப் போட்டால் சரியாகிவிடும்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஈஎஸ்பி32-க்குப் புரோகிராம் ஏற்றும்போது "கனெக்டிங்" என்று புள்ளி புள்ளியாக ஓடினால் போர்டில் உள்ள பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஆர்டுயினோ ஊனோ போர்டில் 0, 1 முனைகளில் எதுவும் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். பழைய ஆர்டுயினோ நானோ என்றால் ஆர்டுயினோ மென்பொருளின் மெனுவில் "ஓல்டு பூட்லோடர்" தேர்ந்தெடுங்கள்.

போர்டு உண்மையில் எப்போது சாகிறது தெரியுமா? படகு பேட்டரியின் வயரை நேராகக் கொண்டுவந்து மாட்டும்போது. 12 வோல்ட் என்பார்கள், எஞ்சின் ஓடினால் 14-ஐத் தொடும். ஈஎஸ்பி32 முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. வெளி மின்சாரத்துக்கான விஐஎன் முனையில் கொடுத்தாலும் வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் கை வைக்க முடியாமல் சுடும். அந்த முனையும் யூஎஸ்பியின் 5 வோல்ட்டும் இடையில் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லாமல் சேர்ந்திருக்கும் போர்டுகளும் உண்டு. அதில் யூஎஸ்பியும் மாட்டியிருந்தால் லேப்டாப்பும் சேர்ந்து போகலாம். தயவுசெய்து நடுவில் ஒரு பக் கன்வெர்ட்டர் போட்டு 5 வோல்ட்டாக இறக்குங்கள். புரோகிராம் ஏற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் நம் ஊர் உப்புக்காற்று. மண்டபத்திலும் பாம்பனிலும் ஜன்னலோரம் திறந்து வைத்த போர்டின் யூஎஸ்பி முனையில் பச்சைக் களிம்பு ஏறி வருவதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த முனையில் நல்ல கேபிளும் ஒழுங்காகப் பேசாது. ஈரமும் உப்பும் இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் செம்புத் தடமே அரித்துப் போகும். முதலில் கேபிளை உருவுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு செருகுங்கள். வேலை முடிந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். வெறும் பேப்பரில் சுற்றி வைத்தால் ஈரத்தை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

போர்டு ஓடவில்லை என்று கடைக்கு வரும்போது கேபிளையும் கொண்டு வாருங்கள். வீட்டில் எதைச் செருகினீர்களோ, அதையே.