கோபம் அதிகமாகிறதா, டீச்சர்?

ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆசிரியர்கள் என்னிடம் வருவது குறைவு. அரையாண்டுத் தேர்வு முடிந்து, பொங்கலும் கழிந்த பிறகுதான் வருவார்கள். மனசு சரியில்லை என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. தூக்கம் வரவில்லை, வயிறு எரிகிறது, பின்கழுத்து பிடித்துக்கொள்கிறது என்பார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டால் குரல் தாழும்: "முன்னெல்லாம் பிள்ளைங்க மேல எனக்கு இவ்வளவு கோபம் வராது டாக்டர்." அதைச் சொல்லத்தான் வந்திருப்பார்கள்.

தர்மபுரியில் மனநல மருத்துவராக இருக்கும் நான் அதிகம் கேட்ட வாக்கியங்களில் இதுவும் ஒன்று. பென்னாகரத்தைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்ப்பவர் ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). எட்டு வகுப்புகளுக்கு நான்கு பேர். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு நடப்பது தெரிந்து குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்லியிருக்கிறார். கல்யாணம் நின்றது. ஆனால் உறவுக்காரர்கள் பள்ளி வாசலிலேயே வந்து கத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் வழக்கம்போல முதல் பீரியட். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவே இல்லை. சில வாரம் கழித்து, ஒரு பையன் அதே கணக்கை மூன்றாவது முறை கேட்டபோது ஸ்கேலை மேசையில் ஓங்கி அடித்திருக்கிறார். பையன் ஒடுங்கிப்போன முகம் ராத்திரியெல்லாம் கண்ணில் நின்றதாம். "நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை" என்றார்.

அது உண்மையில்லை என்பதை அவருக்குப் புரியவைக்கவே இரண்டு சந்திப்புகள் ஆயின. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வு இடம்பெற்றிருக்கிறது. அதை நோய் என்று சொல்லவில்லை, சமாளிக்க முடியாமல் நீடிக்கும் வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. அடையாளம் மூன்று: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையின் மேல் ஒரு வெறுப்போ ஒட்டாத்தன்மையோ வருவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். இந்த இரண்டாவதைத்தான் ஆசிரியர்கள் தங்கள் குணம் கெட்டுவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. பள்ளிக் கழிவறை சரியில்லை, அல்லது வகுப்பைவிட்டு நகர முடியாது. அதனால் காலையில் குடித்த காபியோடு சாயங்காலம் வரை ஓட்டும் டீச்சர்கள் நிறையப் பேர். தலைவலி, சிறுநீர்த் தொற்று, வறண்ட தொண்டையோடு கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். இவ்வளவும் சேர்ந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பாட்டிலை மேசையில் வையுங்கள். பக்கத்து வகுப்பு டீச்சரோடு பேசிவைத்து, ஐந்து நிமிடம் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பை அடக்கக் குரலை உயர்த்துவதற்குப் பதில் கைதட்டுங்கள்.

கோபம் ஏறும்போது மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். நான்கைந்து முறை போதும், நெஞ்சுப் படபடப்பு தணியும். திரும்பும் பஸ்ஸில் பள்ளி வாட்ஸ்அப் குழுவைத் திறக்க வேண்டாம். நடந்ததைப் பேச ஒரே ஒரு ஆளாவது வேண்டும், சக ஆசிரியராக இருந்தால் நல்லது. சார்கள் இதில் ரொம்பவே பின்தங்கியிருக்கிறார்கள். பேசாமல் அடக்கிக்கொண்டு, கடைசியில் குடியில் போய் நிற்பவர்களையும் பார்க்கிறேன்.

இதையெல்லாம் செய்தாலும் காலிப் பணியிடம் நிரம்பாது, எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலையும் குறையாது. அந்தப் பாரத்தை ஆசிரியரின் மனத்திடத்தின் மேல் போடுவது நியாயமே இல்லை. ஆனால் தலைமையாசிரியர்கள் ஒன்று செய்யலாம். வாசலில் வந்து யாராவது கத்திவிட்டுப் போன நாளில், அந்த டீச்சரின் அடுத்த பீரியடை நீங்கள் எடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, அழுகை வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் (டெலிமானஸ்) எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

அந்த டீச்சர் மறுவாரம் பையனைக் கூப்பிட்டு, "அன்னைக்கு டீச்சர் அப்படி அடிச்சிருக்கக் கூடாதுப்பா" என்றிருக்கிறார். அவன் கணக்கு நோட்டை நீட்டி, நான்காவது முறையாக அதே கணக்கைக் கேட்டானாம்.