வராத பணத்தை வரவில் வைக்காதீர்கள்

ஜூலை மாதம் வந்துவிட்டால் காரைக்குடியில் என்னைப் போன்ற ஆடிட்டர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. செக்காலை ரோட்டிலிருந்தும் வருவார்கள், கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டையிலிருந்தும் வருவார்கள். பாஸ்புக், எஃப்.டி. ரசீது, எல்.ஐ.சி. பத்திரம் எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் இருக்கும். வருமான வரி ரிட்டன் வேலை முடிந்து எழுந்திருக்கிற நேரத்தில்தான் பலர் இன்னொரு காகிதத்தை வெளியே எடுப்பார்கள். மூடிப்போன நிதி நிறுவனத்தின் டெபாசிட் ரசீதாக இருக்கும். இல்லையென்றால் பங்காளிக்குக் கொடுத்த கைமாற்றுக்கு எழுதி வாங்கிய புரோநோட்டாக, அதாவது கடன் பத்திரமாக, இருக்கும். "இது நமக்கு வர வேண்டியது. இதையும் காட்டணுமா?" என்று கேட்பார்கள்.

அந்த 'வர வேண்டியது' பற்றித்தான் எழுத வந்தேன். பணத்தில் ஒரு தடவைகூட ஏமாறாத குடும்பம் கிடையாது. முதல் நஷ்டத்தோடு நின்றவர்கள் பெரும்பாலும் எழுந்துவிடுகிறார்கள். போனது போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், விட்டதைப் பிடிக்கப் போனவர்கள்தான் வீடு வரைக்கும் இழக்கிறார்கள்.

ஓர் ஆச்சியின் கணக்கைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கு நடந்தது போலத்தான். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தில் 3 லட்சம் போட்டார். மாதம் 15,000 ரூபாய் ஏழு மாதம் தவறாமல் வந்தது. அந்த நம்பிக்கையில் ரெட்டை வடச் சங்கிலியையும் வளையல்களையும் அடகு வைத்து இன்னொரு 4 லட்சம் போட்டார். அப்புறம் இரண்டு மாதம் 35,000 வந்தது. மூன்றாவது மாதம் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

மொத்தம் போட்டது 7 லட்சம், வந்தது 1,75,000. ஆக, நஷ்டம் 5,25,000. இதில் முதல் 3 லட்சத்தால் வந்த நஷ்டம் 1,65,000தான். மீதி 3,60,000 அடகு வைத்துப் போட்ட பணத்தில் போனது. அதோடும் முடியவில்லை. நகைக் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் மாதம் 4,000 வட்டி. டெபாசிட் பணம் வந்ததும் மொத்தமாக மீட்டுவிடலாம் என்று, வட்டியை மட்டும் கட்டிக் கட்டிக் கடனைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தார். இரண்டு வருடத்தில் அதில் 96,000 ரூபாய்.

"தம்பி, அந்தப் பணம் வந்துரும்ல?" என்று கேட்டார்.

"ஆச்சி, கேஸ் நடக்கட்டும். வந்தால் சந்தோஷம். ஆனால் கணக்கில் அது இல்லை என்று எழுதுவோம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேதியும் தொகையும் அவரே சொன்னார், நான் எழுதினேன். கடைசி வரியில் 'வராது' என்று எழுதியதும் அவரே அடுத்த கேள்வியைக் கேட்டார்: "அப்படின்னா அந்தச் சங்கிலியை என்ன பண்றது?"

அந்த ஒரு கேள்விக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. அதற்குப் பதில் கடினமில்லை. நகையின் அன்றைய மதிப்பு கடனைவிட அதிகம். சங்கிலியை விற்றுக் கடனை அடைத்தால் வளையல்கள் வீட்டுக்கு வந்துவிடும், மாத வட்டியும் நின்றுவிடும். அப்படித்தான் செய்தார். பணம் வரும் என்கிற நினைப்பு இருந்தவரை இந்த வழி அவர் கண்ணிலேயே படவில்லை.

கைமாற்றிலும் இதே கதைதான். உறவுக்காரருக்கு 2 லட்சம் கொடுத்திருப்பார். வராது போலிருக்கிறது என்று தெரிந்த நேரத்தில், "அவன் தலையெடுத்தால்தானே பழைய பணமும் வரும்" என்று மேலும் 1 லட்சம் கொடுப்பார். அதற்குள் முதல் நோட்டுக்குக் காலம் கடந்திருக்கும். கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ வந்து, அந்த மூன்று வருடம் முடிவதற்குள் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கடன்காரரின் கையெழுத்தை வாங்கியிருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். வட்டிக் கடை வைத்திருந்த தலைமுறைக்கு இது தண்ணீர்பட்ட பாடு. இன்றைக்குப் பலருக்குத் தெரியவில்லை. சொந்தக்காரரிடம் போய்க் கையெழுத்து கேட்பதா என்கிற கூச்சம் வேறு. ரொக்கமாகக் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். எனவே வங்கி வழியாகக் கொடுங்கள். அதுவே உங்களுக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

ஜாமீன் கையெழுத்து இன்னும் மோசம், ஏனென்றால் அதை யாரும் கடனாகவே நினைப்பதில்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. வாங்கியவரை முதலில் விரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயமில்லை. மைத்துனரின் லாரிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர், தன் மகளின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போதுதான் சிபில் ஸ்கோர் அடிபட்டிருப்பதை அறிகிறார். ஒரு கையெழுத்துப் போட்ட அன்றே, அந்தத் தொகை முழுவதையும் உங்கள் கடன் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எழுதும்போது கை நடுங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இளைஞர்கள் கொண்டுவருகிற காகிதம் வேறு. பங்குச் சந்தையில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகக் கணக்கு, அதாவது விலை இனி ஏறுமா இறங்குமா என்பதை வைத்துச் செய்கிற வர்த்தகம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரியாக சுமார் 2 லட்சம் ரூபாய். அதைவிட என்னைத் தொந்தரவு செய்த விவரம் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள், தொடர்ந்து நஷ்டம் வந்த பிறகும் வர்த்தகத்தை நிறுத்தவில்லை. தம்பிகளே, நீங்கள் கெட்டிக்காரர்கள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பர்சனல் லோன் எடுத்து ஆப்ஷன் நஷ்டத்தை ஈடுகட்டப் பார்க்கிற அன்று, அந்த ஆச்சி வளையலை அடகு வைத்த அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

கணக்குத் தெரியாததால்தான் இப்படி ஆகிறது என்று சொன்னால் ஏற்க மாட்டேன். நம் ஊர்ச் செட்டியார் பெரியவர்களைவிடக் கணக்கு தெரிந்தவர்கள் யார்? வட்டிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்து, ஏஜெண்டாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் நடத்தப் போனவர்கள். பேரேடு எழுதி, சொத்தையும் கடனையும் இரண்டு பக்கமாக வைத்து ஐந்தொகை கட்டி ஊருக்கு அனுப்பியவர்கள். 1930களில் உலகம் முழுக்க மந்தம் வந்து நெல் விலை விழுந்தபோது, இவர்களிடம் வாங்கிய கடனைப் பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார்கள் பங்கு, 1937 வாக்கில் சுமார் 25 சதவீதம் ஆனது. ஏட்டில் பெரிய சொத்துதான், ஆனால் நினைத்த நேரத்தில் காசாக்க முடியாத சொத்து. 1942இல் ஜப்பான் படை வந்தபோது பலர் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். விடுதலைக்குப் பிறகு பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது.

இதை அவர்களைக் குறை சொல்லச் சொல்லவில்லை. போர் வரும் என்று எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்க முடியாது. நம் நஷ்டங்களிலும் இப்படிக் காலம் செய்தது ஒன்று, நாம் செய்தது ஒன்று என்று இரண்டு இருக்கும். கொரோனாவில் கடை மூடியது காலம் செய்தது. ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மனையில் முடக்கியது நாம் செய்தது. இரண்டையும் பிரிக்காமல் விட்டால், ஒன்று எல்லாப் பழியையும் கிரகத்தின் மேல் போடுவோம், இல்லை எல்லாவற்றையும் நம் தலையில் போட்டுக்கொண்டு பணத்தைத் தொடவே பயப்படுவோம்.

அதனால்தான் வீட்டுக்கும் ஒரு ஐந்தொகை போடச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை போதும். ஒரு பக்கம் சொத்து, இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையில். பூர்வீக வீட்டில் உங்களுக்குப் பங்கு இருந்தால் கவனமாக எழுதுங்கள். முகப்பும் வளவும் ரெண்டாங்கட்டுமாகக் கோடி ரூபாய் மதிப்பு சொல்வார்கள். பங்குதாரர் இருபது பேர் சிங்கப்பூரிலும் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருந்தால், அத்தனை பேரும் கையெழுத்துப் போடும்வரை அது உங்கள் மருத்துவச் செலவுக்கு உதவாது. இன்னொரு பக்கம் கடன், ஜாமீன் உட்பட.

அப்புறம் தனியாக ஒரு பக்கம் வேண்டும், போன பணத்துக்கு. தேதி, தொகை, யார் சொல்லிப் போட்டேன், போடுவதற்கு முன் என்ன கேட்டேன், என்ன கேட்காமல் விட்டேன், அன்றைக்கு வீட்டில் யாருக்குத் தெரியும். இவ்வளவுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதிக் கொண்டுவந்தார், நேர்த்தியான கையெழுத்தில். மூன்று நஷ்டங்கள். ஒன்று மனை, ஒன்று சீட்டு, ஒன்று நண்பரின் தொழில். மூன்றும் வேறு வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். தேதிகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓய்வூதியப் பணம் வந்த மாதம் ஒன்று, நிலம் விற்ற மாதம் ஒன்று, இன்சூரன்ஸ் முதிர்ந்த மாதம் ஒன்று. மொத்தமாகப் பணம் கைக்கு வந்தால் ஒரு மாதத்துக்குள் யாரோ ஒருவர் சொல்லி அது வெளியே போயிருக்கிறது. மூன்று தடவையும் 'வீட்டில் யாருக்குத் தெரியும்' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

அவர் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். மொத்தமாக எது வந்தாலும் ஆறு மாதத்துக்கு வங்கி டெபாசிட்டில்தான் இருக்கும், அதுவும் ஒரே வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் வைக்காமல். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, 2020 பிப்ரவரியிலிருந்து அந்த அளவு. ஆறு மாதம் கழித்து அவரும் அவர் மனைவியும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். சீட்டு போடுவதாக இருந்தால், 1982ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பதிவுத் துறையில் கேட்டுப் பார்த்துவிட்டுப் போடுகிறார். நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் அவருக்கு உதவியது அவரே எழுதிய அந்த ஒரு பக்கம்தான்.

கணக்கில் 'வராது' என்று எழுதினால் புகார் கொடுக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. டெபாசிட் மோசடிக்கு 1997ஆம் வருடத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். இந்த வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. அசல் ரசீதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும். போன், யு.பி.ஐ. வழியாக ஏமாந்திருந்தால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் நஷ்டம் இருப்பவர்கள் கெடு தேதிக்குள் ரிட்டன் போட்டால், அந்த நஷ்டத்தை எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் சென்று சட்டம் அனுமதிக்கிற லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வெட்கப்பட்டுக்கொண்டு அந்த ஸ்டேட்மெண்ட்டை மறைக்காதீர்கள், அதுதான் எங்களுக்கு முதலில் வேண்டும். இன்னொன்று. ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் இவ்வளவு கட்டுங்கள்" என்று போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போலீஸ், வக்கீல், ரிசர்வ் வங்கி என்று எந்தப் பெயரில் பேசினாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.