லைசென்ஸ் ஃபீ: உரிமமா, அனுமதியா, தலைக்கட்டு வரியா?

போன மாதம் என் அக்கா பெண் ஒரு கட்டுரையைத் தமிழில் பெயர்த்துவிட்டு, ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் மாமா என்று அனுப்பினாள். பிரிட்டனில் பிபிசி நடப்பதற்கு மக்கள் எப்படிப் பணம் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றிய கட்டுரை. அதில் 'டெலிவிஷன் லைசென்ஸ் ஃபீ' வந்த இடத்திலெல்லாம் 'தொலைக்காட்சி வாடகை' என்று போட்டிருந்தாள். டிவிப் பெட்டியை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாயா என்று போனில் கேட்டேன். "இல்ல மாமா, அப்பா சம்பளச் சீட்டுல மாசாமாசம் லைசென்ஸ் ஃபீன்னு பிடிக்கிறாங்களே, அது குவார்ட்டர்ஸ் வாடகைதானே?" என்றாள்.

தில்லியில், அதுவும் ஆர்.கே.புரம், சரோஜினி நகர் என்று அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் முதலில் இப்படித்தான் அறிமுகமாகும். அவளைத் திருத்தப் போனவன், யோசித்துப் பார்த்தால் சொல்லின் உள்பொருளுக்கு அவள் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறாள் என்பதைக் கண்டேன். அரசு அந்தப் பணத்தை வாடகை என்று சொல்லாமல் லைசென்ஸ் ஃபீ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் (பிறர் இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைகளைப் பற்றிய சட்டம்) லைசென்ஸ் என்றால் என்ன என்று வரையறுத்திருக்கிறது: பிறருக்குச் சொந்தமான இடத்தில், இசைவு இல்லாவிட்டால் சட்டவிரோதமாகிவிடக்கூடிய ஒன்றைச் செய்துகொள்ளத் தரப்படும் இசைவு, அதனால் அந்த இடத்தின்மேல் பாத்தியதை எதுவும் வராது. குத்தகைக்கு எடுத்தவருக்குக் கொஞ்சம் பிடிமானம் உண்டு, லைசென்ஸில் இருப்பவருக்கு அது கிடையாது. மும்பையில் வீடு எடுக்கும் நம்மவர்கள் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று ஒப்பந்தம் போடுகிறார்களே, அதுவும் இந்த லைசென்ஸ்தான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'லிக்கேரே' என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல், தடையில்லாதிருத்தல். அதிலிருந்து 'லிக்கென்ஷியா', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு 'லைசென்ஸ்'. அதாவது அடிப்படையில் ஒரு தடை இருக்கிறது, அந்தத் தடையை உங்களுக்கு மட்டும் ஒருவர் தளர்த்திக் கொடுக்கிறார். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. விடுதலைக்குப் பிறகு எதைச் செய்யவும் அரசின் கையெழுத்துக்குக் காத்திருந்த காலத்தை ராஜாஜி 'லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்' என்று சொன்னபோது அந்தச் சொல்லில் இருந்த மேல்-கீழ் உறவைத்தான் பிடித்துக்காட்டினார்.

இப்போது தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசுத் தமிழில் லைசென்ஸுக்கு 'உரிமம்' என்பது நிலைத்துவிட்டது. ஓட்டுநர் உரிமம், துப்பாக்கி உரிமம், கடை உரிமம். உரிமை என்ற பழைய சொல்லிலிருந்து, அந்தச் சீட்டைக் குறிக்கப் பின்னாளில் ஆக்கிக்கொண்ட சொல் அது. இரண்டுக்கும் அடி 'உரி'. உரிய, உரியவர், உரித்து எல்லாம் அங்கிருந்து வருபவை. இந்த அடிச்சொல்லுக்குப் பொருள் அனுமதி கிடையாது. ஒருவருக்குச் சொந்தமாயிருத்தல், ஒருவரோடு சேர்ந்ததாயிருத்தல் என்பதுதான் அதன் பொருள்.

அன்பிலார் எல்லாம் தமக்குரியர் அன்புடையார்
என்பும் உரியர் பிறர்க்கு

என்கிற குறளில் 'உரியர்' இரண்டு தடவை வருகிறது. அன்பில்லாதவர் எல்லாவற்றையும் தமக்கே உரியதாக வைத்துக்கொள்கிறார், அன்புள்ளவருடைய எலும்புகூடப் பிறருக்கு உரியது. இங்கே யாரும் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. பொருள் யாரைச் சேர்ந்தது, ஆள் யாரைச் சேர்ந்தவர் என்பதுதான் பேச்சு.

அதனால் 'லைசென்ஸ்' என்ற சொல்லை 'உரிமம்' என்று பெயர்க்கும்போது நாம் ஒரு சின்ன இடமாற்றம் செய்கிறோம். அங்கே 'அனுமதிக்கப்பட்டது', இங்கே 'சொந்தமானது'. இலங்கைத் தமிழர்கள் இந்த இடமாற்றத்தைச் செய்யவில்லை. அவர்களுக்கு அது 'சாரதி அனுமதிப்பத்திரம்'. லத்தீனுக்கு நேராகப் போனால் அவர்கள் சொல்வதே சரி. அதற்காக உரிமத்தை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன், அது ஊன்றிவிட்ட சொல், சுருக்கமானதும்கூட. ஆனால் ஒளிபரப்புக்குக் கட்டும் பணம் என்று வரும்போது எந்த நாட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனென்றால் எல்லாம் ஒரே வகைப் பணம் கிடையாது.

நம் நாட்டிலேயே இது இருந்தது என்பது அக்கா பெண்ணுக்குத் தெரியவில்லை. அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் நம்பினாள். உள்ளங்கை அளவு புத்தகம், தபால்-தந்தித் துறை கொடுத்தது, வருடா வருடம் தபால் ஆபீஸில் பணம் கட்டினால் உள்ளே தனி ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். வீட்டு ரேடியோவுக்கு 15 ரூபாய், டிவி வந்த பிறகு அதற்கு 50 ரூபாய் என்று அப்பா சொல்வார். இதற்குப் பின்னால் இருந்தது 1933ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாக் கருவி எதையும் வைத்திருக்கக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். ஆங்கிலேய அரசு போட்டது. பாட்டு கேட்பதற்கோ செய்தி கேட்பதற்கோ கட்டிய விலையாக அதை நினைத்துவிடக் கூடாது. பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள அரசு தந்த இசைவுக்கான தொகை. ஆகவே அந்த 15 ரூபாய்க்குப் பொருத்தமான தமிழ் 'வானொலி அனுமதிக் கட்டணம்'. உரிமம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பணம் கட்டியவருக்கு வானொலியின்மேல் எந்த உரிமையும் வரவில்லை. வானொலி அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் ஒரு துறையாகவே இருந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று இந்தத் தில்லியில், பார்லிமென்ட் தெரு ஆகாசவாணி பவனிலிருந்து தொலைக்காட்சி தொடங்கியபோதும் அது அதே துறையின் ஒரு பிரிவுதான்; தூர்தர்ஷன் என்று தனியாகப் பிரிந்தது 1976இல். 1980களின் நடுவில் இந்த லைசென்ஸை அரசு எடுத்துவிட்டது.

சரி, பிரிட்டன். அங்கேயும் தொடக்கம் இதே மாதிரிதான். 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பியில்லாக் கருவி வைக்க லைசென்ஸ் வேண்டும், 1922இல் பிபிசி தொடங்கியபோது அந்த லைசென்ஸுக்குப் பத்து ஷில்லிங். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஒலிபரப்புக்குப் போனது. அங்கேதான் சொல்லின் பொருள் மாறத் தொடங்குகிறது. 1946இல் டிவிக்கென்று 2 பவுண்டு, 1971இல் ரேடியோவுக்கு மட்டுமான லைசென்ஸ் நீங்கியது, 2025 ஏப்ரலில் வண்ண டிவி உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 174.50 பவுண்டு. பிபிசியே பார்க்காமல் வேறு சேனலை மட்டும் நேரலையில் பார்த்தாலும் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம். சந்தா என்று இதை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சந்தாவை நிறுத்தினால் பத்திரிகை வராது, அவ்வளவுதான். யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள். 2006இல் அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இதை வரி என்ற வகையில் சேர்த்தது. பெயர் லைசென்ஸ், கணக்கில் வரி, போய்ச் சேர்வது பெரும்பாலும் பிபிசிக்கு.

ஜெர்மனிக்காரர்கள் சொல்லையே மாற்றிவிட்டார்கள், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. முன்பு அங்கே 'ருண்ட்ஃபுங்க்கெப்யூர்' என்றிருந்தது, கெப்யூர் என்றால் கட்டணம். பெட்டி வைத்திருந்தால் கட்ட வேண்டும். 2013இலிருந்து 'ருண்ட்ஃபுங்க்பைட்ராக்'. பைட்ராக் என்றால் பங்களிப்பு. வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், தொடக்கத்தில் மாதம் 17.98 யூரோ. இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று அக்கா பெண் திணறிப்போய் 'ஒலிபரப்பு நிதிப் பங்களிப்புத் தொகை' என்று ஒரு ரயில் பெட்டித் தொடரைப் போட்டிருந்தாள்.

நம்மிடம் இதற்குச் சொல் இருக்கிறது என்றேன். தலைக்கட்டு வரி.

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பே ஊர்க்கூட்டம் போட்டு ஒரு தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். தலைக்கட்டு என்றால் தனிக்குடும்பமாக ஊரில் கணக்கில் வருகிற ஒரு வீடு. மகன் கல்யாணம் ஆகித் தனிக்குடும்பமானால் அவன் ஒரு புதுத் தலைக்கட்டு. நீ கூத்து பார்க்க வருவாயா, தேர் உன் தெருவுக்கு வருமா, பந்தியில் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. கூத்து ராத்திரி முழுக்க நடக்கும், பார்க்க வந்தவர்களில் கட்டாதவரும் இருப்பார், கட்டியவர் வீட்டில் தூங்கிக்கொண்டும் இருப்பார். அப்பா ஐம்பது வருடமாகத் தில்லியில் இருக்கிறார், திருவிழாவுக்குப் போனது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான், ஆனால் வரி ஒரு வருடம்கூட நின்றதில்லை. முன்பு மணியார்டர், இப்போது ஜிபே. ஒரு பொதுக்காரியத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டு நடத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எங்கே போய்த் தேடுவது?

இந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஊரில் ஒருவரை ஒதுக்கி வைக்க வேண்டும் என்றால் முதலில் செய்வது, அவரிடம் வரி வாங்காமல் விடுவது. எத்தனையோ ஊர்களில் தலித் மக்களிடம் வரி வாங்க மாட்டார்கள், வாங்கினால் தேர் வடத்தைத் தொடும் உரிமையைக் கேட்பார்களே என்பதால். எங்களிடமும் வரி வாங்கு என்று கேட்டுப் போராடிய சம்பவங்கள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. பணம் கட்டவிடு என்று மக்கள் போராடுவது வெளியூர்க்காரருக்கு விளங்காது. வரி கட்டினால் கோயிலுக்கு நாமும் உரியவர், கோயில் நமக்கும் உரியது என்பது ஊரில் வாழ்ந்தவருக்குத் தெரியும். குறளில் பார்த்தோமே, அந்த 'உரி' இங்கேதான் உயிரோடு இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னதும் அவள் கேட்டாள், அப்போ நம்ம தூர்தர்ஷனுக்கு இப்ப யார் குடுக்கிறாங்க? 1990இல் பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்து, வானொலியும் தூர்தர்ஷனும் அந்தத் தன்னாட்சி அமைப்பின் கீழ் போயின. விளம்பரம் போன்றவற்றில் கொஞ்சம் வருமானம் உண்டு. மீதி பெரும்பகுதி மத்திய பட்ஜெட்டிலிருந்து அமைச்சகம் வழியாக வரும் மானியம். 2023 ஜனவரியில் கட்டமைப்பு வசதிகளுக்காக மட்டும் 2,539.61 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எல்லாம் நாம் கட்டும் வரிப்பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'மானியம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சமஸ்கிருதத்தில் 'மான்ய' என்றால் மதிப்புக்குரியது. தமிழ்நாட்டில் அது கோயில் பணியாளருக்கும் ஊர்ப் பணியாளருக்கும் அரசர்கள் இறையிலியாக, அதாவது வரியில்லாமல், விட்ட நிலத்தின் பெயரானது. கொடுத்தவர் நினைத்தால் பறிக்கவும் செய்யலாம் என்கிற பயம் மானியக்காரருக்கு எப்போதும் உண்டு. தலைக்கட்டு வரியில் நடக்கும் திருவிழாவில் ஊரில் யார் வேண்டுமானாலும் எழுந்து கணக்குக் கேட்கலாம்; மானியத்தில் நடப்பது, கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கும். ஒரு பொது ஒளிபரப்பு யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த 15 ரூபாயை ஒழித்ததற்குப் பதிலாக, அனுமதிக் கட்டணமாக இருந்ததைத் தலைக்கட்டு வரியாக மாற்றி, அமைச்சகத்தின் கை படாமல் நேரே ஒலிபரப்புக்குப் போக வழிசெய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஏழை வீடுகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கலாம், ஊரில் அதையும் செய்வார்கள்.

மானியத்தில் நடந்ததை மக்கள் நேரே கட்டும் பணத்துக்கு மாற்ற முடியும் என்பதற்கு பிபிசி தமிழோசையும் ஒரு சாட்சி. நம் தாத்தா, அப்பா காலத்தில் சிற்றலையில் ராத்திரி கேட்ட அந்த உலகச் சேவைக்கு 2014 வரை பணம் கொடுத்தது பிரிட்டன் வெளியுறவுத் துறை, அதாவது மானியம். அப்புறம்தான் அந்தச் செலவு லைசென்ஸ் ஃபீக்கு மாறியது.

கடைசியில் கட்டுரையில் இப்படி வைத்தோம். பிரிட்டனுடையதற்குத் 'தொலைக்காட்சி உரிமக் கட்டணம்', ஏனென்றால் அவர்களே லைசென்ஸ் என்ற பெயரை இன்னும் விடவில்லை. ஜெர்மனியுடையதற்கு 'ஒலிபரப்புத் தலைக்கட்டு வரி', கூடவே ஊர்த் திருவிழாவைப் பார்க்காத நகரத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வரி விளக்கம். நம் பழைய ரேடியோவுடையதற்கு 'அனுமதிக் கட்டணம்'. அவள் அப்பாவின் சம்பளச் சீட்டில் உள்ளதற்கு வீட்டில் வாடகை என்றே சொல்லிக்கொள்ளலாம், சட்டம் படிப்பவர்கள் கேட்டால் 'இசைவுக் கட்டணம்' என்று சொல்லலாம்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'உரிமம் கட்டணம்' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அவளும் திருத்திய படியில் அப்படித்தான் எழுதியிருந்தாள். உரிமம் என்பதன் கடைசி 'ம்' போய், பின்னால் வரும் வல்லினம் மிகும்: உரிமக் கட்டணம். மரப்பெட்டி, பணப்பை மாதிரி.